நீர்மின்சாரமும் சங்கத்தின் பணமும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் பயிர்த்தொழில் பெரும்பாலும் கிணற்றை நம்பியே நடந்து வருகிறதென்பது யாவரும் அறிந்த விஷயம். காவேரி இப்பிரதேசத்தின் ஓரமாகவே ஓடினாலும், அதன் நீர் கரையை அடுத்த தாழ்ந்த வயல்களுக்கே பாயும். மேட்டு நிலத்துக்கு ஏறுவதில்லை. ஆகவே மேட்டுக்காட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவலை பூட்டி, ஒரு ஜோடி எருதுகளைச் சரிவில் ஏற்றியும் இறக்கியும், சாலில் நீர் இறைத்து ராகியையும் பருத்தியையும் மிளகாயையும் காப்பாற்றி வந்தனர். விடியுமுன் பூட்டிய எருதுகளை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். அதற்குள் நனைந்த பாத்திகள் எத்தனையோ, அத்தனையே அன்றைய பாசனம்.

இன்று அக்கிணறுகளில் மின்சார மோட்டார் ஓடுகிறது. மேட்டுக்கு ஏறாத காவேரி நீரின் பலம் கம்பி வழியாக மேட்டுக்கு ஏறியது எனக் கூறினால் அது மிகையாகாது. இம்மின்சாரம் எவ்வாறு உண்டாகிறது, அதற்குச் செலவாவது யாது, அதில் பணம் முடக்குதல் ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தகுமா என்பவற்றைச் சங்க அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். முக்கியமாகக் கடைசிக் கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. சேமிப்புப் பணத்துக்கு நல்ல வட்டி கிடைக்கும் வழியைத் தேடும் சங்கங்கள் பல உள்ளன. நீர் இனாமாக வருகிறது, ஆகையால் மின்சாரமும் ஏறக்குறைய இனாந்தான், எல்லாம் இலாபமே என்னும் பேச்சு கேட்பதற்கு இனிமையாயிருக்கும்.

முதலில் நீரின் பலத்தைக் கணக்கிடும் முறையைக் காண்போம். உயரத்தில் உள்ள நீர் கீழே விழும்போது ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தோடு பிணைத்த யந்திரம் மின்சாரத்தைத் தருகிறது. விழும் நீரின் அளவு ஒன்று, விழும் உயரம் ஒன்று. இவ்விரண்டையும் பெருக்கி வருவதே அதன் பலம். மின்சார மீட்டரில் ஒரு யூனிட் என்று ஏறுகிறதே, அது 367 டன் நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பத்து மீட்டர் உயரமானால் ஏறக்குறைய 37 டன் நீரே போதும். யந்திரத்தில் நேரும் நஷ்டத்தைக் கழித்து, நூற்றுக்கு 85 பங்கு பலன் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம்.

மேட்டூர் அணையில் நீர் நிறைந்திருக்கையில் வீழ்ச்சி 40 மீட்டர் எனக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 11,000 லிட்டர் நீர் விழ வேண்டும். அந்த ஒரு யூனிட்டைக் கொண்டு 60 அடி ஆழக் கிணற்றிலிருந்து, மோட்டாரும் பம்பும் பாதிப் பலனே தருவதாகக் கொண்டாலும், 10,000 லிட்டர் இறைக்கலாம். கம்பியில் நேரும் நஷ்டத்தைக் கழித்தால் 9,000 லிட்டர் என்று சொல்லலாம். மேட்டூரில் விழுந்த 11,000 லிட்டரோ ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றோடு சென்று தஞ்சைத் தரணியில் நெல்லுக்குப் பாய்கிறது. ஒரே நீர் கீழ்நாட்டில் வயலை நனைக்கிறது. அதன் பலம் மேட்டுக்காட்டில் வேறு நீரை மேலே தூக்குகிறது. நீர்மின்சாரத்தின் மேன்மையை இதைவிட எளிதாக விளக்குதல் இயலாது. நிலக்கரி ஒருமுறை எரிந்தால் சாம்பலாகும். நீர் வேலை செய்த பின்னும் நீராகவே இருக்கிறது.

மேட்டூர் அணையின் வேலை 1925-ஆம் ஆண்டு தொடங்கி 1934-ஆம் ஆண்டு முடிவுற்றது. அக்காலத்துச் சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸ்டான்லி துரையின் பெயரை அந்நீர்த்தேக்கத்துக்கு இட்டனர். அணையின் நீளம் 5,300 அடி, நீர் தேங்கும் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாப் பாசனத்துக்கு ஒழுங்காக நீர் விடுவதே அணை கட்டியதன் முதல் நோக்கம். மின்சாரம் அதனோடு கூட வந்த ஆதாயம். அணையின் அடியில் அமைந்த மின்நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னரே நீலகிரியில் பைக்காரா நிலையம் இயங்கி வந்தது. இதே காவேரியின் மேற்பகுதியில், மைசூர் சமஸ்தானத்துச் சிவசமுத்திரத்தில், 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் உற்பத்தியாகிக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குத் தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி வழியாகச் சென்றது.

மேட்டூர் மின்சாரத்தின் பலனை முதலில் அனுபவித்தவர்கள் ஆலை முதலாளிகளே. 1936-இல் தோன்றிய மேட்டூர் கெமிக்கல்ஸ் போன்ற தொழிற்சாலைகள் அணையின் அருகில் அமைந்ததற்கு மலிவான மின்சாரம் ஒரு காரணமாகும். கிணறுகளுக்கு அது பரவலாக வந்தது பின்னரே. 1960-களில் சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறனோடு சேர்ந்தது. அணை மின்நிலையத்தின் இன்றைய திறன் 50 மெகாவாட்.

அணைக்குக் கீழேயும் வேலை முடியவில்லை. மேட்டூரில் வேலை செய்த நீர் ஆற்றில் இறங்கிச் செல்லும் வழியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கிடங்களில் கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நிலையம் அமைத்தனர். அதற்கும் கீழே, நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களின் எல்லையில், பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று அதே திறனோடு அமைந்தன. ஆக, மேட்டூரில் திறந்த நீர் சமவெளியை விட்டு நீங்குமுன் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கதவணைகளில் மறுபடியும் வேலை செய்கிறது. இவ்விடங்களில் வீழ்ச்சி மிகச் சொற்பம். ஆறு மீட்டர் என்று கொண்டால் ஒரு யூனிட்டுக்கு 72,000 லிட்டர் நீர் வேண்டும். பேராறு ஒன்றில் மட்டுமே இது கட்டுபடியாகும்.

கொல்லிமலையில் கதை நேர்மாறானது. அங்கே ஓடைகள் சிறியவை. ஆனால் வீழ்ச்சி பெரிது. 600 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாக இறக்கினால் அதே ஒரு யூனிட்டுக்கு 720 லிட்டரே போதும். ஓடைகளை ஒன்று சேர்த்து அங்கே 20 மெகாவாட் நிலையம் அமைக்கும் திட்டத்தை மின்வாரியம் எடுத்துக்கொண்டதற்கு இதுவே ஹேது. ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஏரி மதகடியில் ஒரு சக்கரம் வைத்தால் ஊருக்கெல்லாம் விளக்கு எரியாதா எனக் கேட்போர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஏரியில் நீர் சில மாதமே நிற்கும். வீழ்ச்சியோ ஓராள் உயரம். ஒன்றும் தேறாது.

நிற்க. செலவின் தன்மையை இனி ஆராய்வோம். மேட்டூரில் நீர்மின் நிலையங்களும் உண்டு. 1987 முதல் இயங்கும் அனல்மின் நிலையமும் உண்டு. பின்னதன் திறன் 840 மெகாவாட்டாயிருந்து, 2013-க்குப் பின் மேலும் 600 மெகாவாட் கூடியது. திறனில் அது பன்மடங்கு பெரிது. ஆனால் அதற்கு வேண்டிய நிலக்கரி வெகுதூரத்திலிருந்து ரயிலில் வந்து சேர வேண்டும். கரியின் விலை ஏறினாலும், ரயில் கட்டணம் ஏறினாலும், அந்த மின்சாரத்தின் அடக்கவிலையும் ஏறும். நீர்மின் நிலையமோ கிணறு வெட்டுவதைப் போன்றது. பாறையை உடைத்து, கல் கட்டி, நீர் காணும் வரையில் செலவு கையைக் கடிக்கும். வெட்டி முடித்த பின் தூர் வாருவதும் பழுது பார்ப்பதுமே செலவு. 1937-இல் தொடங்கிய நிலையம், யந்திரங்களைப் புதுப்பித்துக்கொண்டு, இன்றும் மின்சாரம் தருகிறது. அதைக் கட்டியபோது கொடுத்த கூலியும் சிமெண்டு விலையும் அன்றைய விலைவாசிப்படி. விற்கும் மின்சாரமோ இன்றைய விலையில். நீண்ட காலம் பொறுத்திருக்கக் கூடியவனுக்கு இதைவிடச் சிறந்த முதலீடு அரிது.

அன்றியும் நீர்மின் யந்திரத்தைச் சில நிமிஷங்களில் ஓட்டவும் நிறுத்தவும் கூடும். அனல்மின் நிலையத்தில் கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் ஆகும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிய இக்காலத்தில் இந்தக் குணத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. காற்று ஓய்ந்து, சூரியன் மறைந்து, வீடுதோறும் விளக்கு எரியும் மாலை வேளையில் கைகொடுப்பது நீர்மின்சாரமே. கோயமுத்தூர் ஜில்லாவில் காடம்பாறை என்னுமிடத்தில், மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ்த்தேக்கத்து நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி வைத்து, முடை வேளையில் இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கும் நிலையம் 1980-களின் இறுதி முதல் இயங்குகிறது. தானியத்தை அறுவடையில் குதிரில் இட்டுப் பஞ்சத்தில் எடுப்பது போன்ற ஏற்பாடு அது.

இவ்வளவும் நன்மைகள். இனிப் பணக் கணக்கு. கீழே வருவது உதாரணத்துக்காக ஏற்படுத்திய கணக்கே. எந்த நிலையத்தின் கணக்குமன்று. ஒரு மெகாவாட் திறனுள்ள சிறு நீர்மின் நிலையத்துக்குப் பத்துக் கோடி ரூபாய் மூலதனம் வேண்டுமென்றும், முழுவதும் நூற்றுக்கு 8 வட்டியில் கடனாக வாங்கியதென்றும் கொள்வோம். ஆண்டு முழுவதும் இடைவிடாது ஓடினால் 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் கிடைக்கும். ஆனால் நம் நாட்டு ஓடைகளில் அது நடவாது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 29 லட்சத்து 20 ஆயிரம் யூனிட் கிடைத்து, யூனிட் நான்கு ரூபாய்க்கு விலை போனால் வரவு ஏறக்குறைய ஒரு கோடியே 17 லட்சம். சம்பளம், பழுது முதலியவற்றுக்கு 20 லட்சம் போக, நிற்பது 97 லட்சம். வட்டி 80 லட்சம். அசலில் கழிவது முதலாண்டில் 17 லட்சமே. இவ்வாறே மிஞ்சுவதையெல்லாம் அசலில் கட்டி வந்தால் கடன் தீர ஏறத்தாழ 23 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு வரும் வரவில் பெரும்பகுதி நிகர இலாபம். நிலையமோ மேலும் பல பத்தாண்டுகள் ஓடும். தகப்பன் நட்ட தென்னையின் காயைப் பேரன் பறிக்கிறான்.

மழை பொய்த்த ஆண்டில் என்ன நேரும்? மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கே மின்சாரம் கிடைத்ததெனில் வரவு 70 லட்சமாகக் குறையும். செலவோ குறையாது. 20 லட்சம் போக நிற்கும் 50 லட்சம், வட்டிக்கே 30 லட்சம் போதாது. இத்தகைய ஆண்டுகள் இரண்டு சேர்ந்து வந்தால் கட்டாத வட்டி அசலோடு சேரும். இது வெறும் பயமுறுத்தலன்று. மேட்டூரையே எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 12-ஆம் தேதி டெல்டாவுக்கு நீர் திறப்பது வழக்கமாயிருந்தும், நீர் போதாமல் அத்தேதியில் திறக்க இயலாத ஆண்டுகள் பல. 2016-ஆம் ஆண்டு மழை பொய்த்து, 2017 கோடையில் அணை ஏறக்குறைய வறண்டு கிடந்தது. மறு ஆண்டு, 2018 ஜூலையில், முழு மட்டமான 120 அடியை எட்டிற்று. அன்றியும் மேட்டூரில் நீர் திறப்பது பாசனத்துக்காகவே. மின்சாரம் தேவையென்று தனியே திறப்பதில்லை. நிலையத்தின் யந்திரம் நன்றாயிருந்தும் நீர் தன் கையில் இல்லையென்பதை நீர்மின் முதலீட்டாளர் எவரும் மறத்தலாகாது.

நீர் மட்டம் மிகத் தாழ்ந்த ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறிஸ்தவர்களின் கோயில் கோபுரமும் நீருக்கு வெளியே தலைகாட்டும். அணைக்காக ஊரைவிட்டு எழுந்துபோன குடிகளின் அடையாளங்கள் அவை. நீர்மின்சாரத்தின் கிரயத்தில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்தனர். அது எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை. வண்டல் சேர்வது மற்றொரு மறைந்த செலவு. மேட்டூர் அணை கட்டி எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான், முதன்முறையாகத் தூர் வாரத் தொடங்கினர். உழவர்கள் அவ்வண்டலைத் தங்கள் நிலத்துக்கு எடுத்துச் சென்றது ஒரு நற்காரியம். ஆனால் சிறு நிலையங்களில் இத்தனை காலம் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் மணலை வாராவிடில் சக்கரமே தேய்ந்துபோகும்.

இப்போது சங்கத்தின் பணத்துக்கு வருவோம். கிராமச் சங்கத்தில் உள்ள பணம் பெரும்பாலும் இரண்டு வகை. அங்கத்தினர்களின் டெபாசிட்டு ஒன்று. அவர்கள் கேட்ட தவணையில் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மத்திய கூட்டுறவு பாங்கியிலிருந்து பெற்ற பயிர்க்கடன் மற்றொன்று. அது அறுவடை முடிந்ததும் திரும்ப வேண்டும். இரண்டும் குறுகிய காலப் பணம். நீர்மின் நிலையமோ 23 ஆண்டுகள் கேட்கிறது. ஆறு மாதப் பணத்தை இருபது ஆண்டு வேலையில் போட்டவன், தன் சொத்து எவ்வளவு நல்லதாயிருந்தும், முதல் டெபாசிட்தாரர் வாசலில் வந்து நின்றதும் கையை விரிக்க நேரும். 1929-ஆம் ஆண்டு சென்னையில் மத்திய நில அடமான பாங்கியைத் தனியே ஏற்படுத்தியதன் கருத்தும் இதுவே. பழைய கடன் தீர்க்கவும் நிலத்தைத் திருத்தவும் நீண்ட காலக் கடன் வேண்டியிருந்தது. கிராமச் சங்கத்தின் டெபாசிட்டுப் பணம் அதற்கு ஏற்றதன்று என உணர்ந்து, கடன்பத்திரங்கள் விற்று நீண்ட காலப் பணத்தைத் திரட்டினர். நீர்மின்சாரத்துக்கும் அத்தகைய பணமே பொருந்தும். சங்கத்தின் சொந்தப் பங்கு மூலதனத்திலோ ரிசர்வ் நிதியிலோ ஒரு சிறு பகுதியை, சட்டமும் உபவிதிகளும் இடங்கொடுத்து, மேலதிகாரிகளின் அனுமதியும் பெற்ற பின்னரே, இத்தகைய காரியத்தில் போடுவதைப் பற்றி யோசிக்கலாம். டெபாசிட்டுப் பணத்தில் ஒரு காசும் தொடலாகாது.

ஊரார் கூடி நீர்மின்சாரம் நடத்துதல் இயலாத காரியமென்று எண்ண வேண்டுவதில்லை. பாலக்காடு ஜில்லாவில் மீன்வல்லம் நீர்வீழ்ச்சியில் 3 மெகாவாட் நிலையத்தை ஜில்லாப் பஞ்சாயத்து தானே ஒரு கம்பெனி அமைத்து நடத்துகிறது. 2014-இல் அது உற்பத்தியைத் தொடங்கியது; மின்சாரம் கேரள மின்வாரியத்துக்கு விலையாகிறது. நபார்டு பாங்கியின் நீண்ட காலக் கடன் அதற்குக் கிடைத்தது. ஆயினும் யோசனை தொடங்கி யந்திரம் சுழல்வதற்குள் பத்தாண்டுக்கு மேல் சென்றதென்பதையும் கவனித்தல் வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டு அனுபவம் வேறு வகையில் பாடம் தருவது. 1990-கள் முதல் அங்கே மின்கம்பி எட்டாத கிராமங்களில் குடிகள் மின் நுகர்வோர் சங்கங்களாகச் சேர்ந்து, தாங்களே கால்வாய் வெட்டி, சில கிலோவாட் முதல் சில பத்துக் கிலோவாட் வரையில் தரும் சிறு நிலையங்களை நூற்றுக்கணக்கில் அமைத்தனர். வீட்டுக்கு இவ்வளவென்று மாதச் சந்தா. பழுது பார்க்க ஊரிலேயே ஒரு பயிற்சி பெற்ற ஆள். பின்னர் சர்க்கார் மின்கம்பி அவ்வூர்களுக்கு வந்ததும், அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினர். சந்தா நின்றது, பல நிலையங்கள் கைவிடப்பட்டன. சில மட்டும் தங்கள் மின்சாரத்தைச் சர்க்கார் கம்பிக்கே விற்கும் ஏற்பாடு செய்துகொண்டு பிழைத்தன. சேலம், நாமக்கல் கிராமங்களில் மின்கம்பி முன்னரே உண்டு. ஆகையால் இங்கு விளக்குக்காக நிலையம் அமைப்பதில் பொருளில்லை. விற்பனைக்காக அமைப்பதாயின் விற்கும் ஒப்பந்தமே அதன் உயிர்.

மின்சாரத்தை உபயோகிக்கும் பக்கத்திலும் ஒரு நஷ்டக் கணக்கு உண்டு. 60 அடிக் கிணற்றில் ஒரு யூனிட்டுக்கு 10,000 லிட்டர் என்று மேலே கண்டோம். 600 அடி ஆழ்துளைக் கிணற்றில் அதே யூனிட்டுக்கு 1,000 லிட்டரே கிடைக்கும். 1990-ஆம் ஆண்டளவில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பின் இந்த வித்தியாசம் குடியானவரின் பையில் தெரிவதில்லை. மேட்டூரில் விழும் நீரின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு வீணே ஆழத்தில் கரைகிறது. இவ்விரு ஜில்லாக்களின் பாறை நிலத்தில் பல பிர்க்காக்களில் ஊறுவதற்கு மேல் இறைத்தாயிற்று. ஏரி தூர் வாரி, வரப்புயர்த்தி, நிலத்தடி நீர் பத்து அடி மேலேறச் செய்யும் ஊர், தன் பங்குக்கு ஒரு சிறு நீர்மின் நிலையம் கட்டியதற்குச் சமமான காரியத்தைச் செய்ததாகும். அதற்குக் கடனும் வேண்டாம். 23 ஆண்டுகளும் வேண்டாம்.

இவ்வளவும் அறிந்த பின்னும் ஏதேனும் ஒரு நீர்மின் கம்பெனியில் பங்கு வாங்கும் யோசனை சங்கத்தின் முன் வருமாயின், பஞ்சாயத்தார் தீர்மானம் போடுமுன் சில தஸ்தாவேஜுகளைக் கேட்டுப் பெறுதல் அவசியம். ஓடையின் நீரோட்டத்தை ஆண்டு முழுவதும், பல ஆண்டுகள், அளந்த குறிப்பு முதலாவது. மழைக்காலத்தில் எடுத்த ஒரே அளவு செல்லாது. அவற்றுள் மிக வறண்ட இரண்டு ஆண்டுகளின் நீருக்கு வரவு எவ்வளவு, அதில் வட்டி கட்ட இயலுமா என்னும் கணக்கு அடுத்தது. மேலே கீழே உள்ள பாசனக்காரரின் உரிமை, வனத்துறையின் அனுமதி, மின்வாரியத்தோடு கையெழுத்தான விற்பனை ஒப்பந்தம், அதில் எத்தனை ஆண்டுகளுக்கு என்ன விலை என்பவற்றை அசலாகவே பார்த்தல் வேண்டும். இவற்றைக் காட்ட மறுத்து, நூற்றுக்கு இவ்வளவு இலாபம் நிச்சயமென்று மட்டும் சொல்லுவோரிடம் சங்கத்தின் காரியதரிசி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.